றோசலின் இன்னும் சாகவில்லை, நானா

அன்பான நானாவுக்கு,

நீங்கள் முகம் பார்த்தறியாத ஒரு தங்கச்சி கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். நான் வேதக்காரி, நீங்கள் இஸ்லாமானவர். ஆனாலும் எங்கள் முடுக்கில் உங்கள் தொடர்கதையை வாசிக்கிற அத்தனை பேருக்கும் நீங்கள் நானாதான், அண்ணன்தான். நீங்கள் மௌத்தாகி, கண்ணை மூடி, நாற்பது நாள் கழிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.

அவர் பெயர் சந்தியாகு. துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது சுண்ணாம்புச் சாக்கு கிழிந்து முகத்தில் கொட்டி இரண்டு கண்ணும் போயிற்று. இப்போது நெஞ்சையும் சயரோகம் பிடித்துவிட்டது. மாரி மழைக்குத் தாங்கமாட்டார் என்று டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். கிழமையில் ஆறு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிற மனுசன் வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் எழும்பி உட்காருவார். "மேரி, பேப்பர் வந்ததோ?" என்பார். நான் உங்கள் கதையை வாசிப்பேன்.

என்ன பெரிய கதை அது? றோசலின் என்று எங்களைப்போல ஒரு வேதக்காரப் பெட்டை. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பிளேன்டீ குடிப்பாள். கொடியில் காயும் சட்டையை எடுக்க மழைக்குள் ஓடி, தானும் நனைந்து, சட்டையும் நனைந்து, நின்று சிரிப்பாள். அவ்வளவுதான். அதைக் கேட்டதும் இவருக்கும் பிளேன்டீ வேண்டும், பனங்கட்டியும் வேண்டும். கண் போன பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டதெல்லாம் உங்கள் கதையில் வந்ததுதான்.

ஒருமுறை வெள்ளிக்கிழமை விருந்து என்று றோசலின் வீட்டில் ஆட்டிறைச்சி ஆணம் காய்ச்ச வைத்தீர்களே, கொட்டாஞ்சேனையே சிரித்தது! வெள்ளிக்கிழமையில் நாங்கள் இறைச்சி தொடுவோமா? ஜும்மா தொழுகை முடிந்து வந்து உங்கள் வீட்டில் சாப்பிட்டதை அப்படியே எழுதிவிட்டீர்கள். "பாவம் மனுசன், ஆசையா ஆக்கிப்போட்டார். சனிக்கிழமை வரைக்கும் மூடி வைக்கச் சொல்லு" என்றார் இவர். யார் உங்களுக்குக் கடிதம் எழுதிப்போட்டார்களோ, அடுத்த கிழமை றோசலின் நாக்கைக் கடித்துக்கொண்டு சட்டியோடு தூக்கிப் பக்கத்து வீட்டு உம்மாவிடம் கொடுத்துவிட்டாள். இவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அப்படிப்பட்ட நீங்கள் அவளைக் காய்ச்சலில் கிடத்தி, சாமியாரைக் கூட்டிவர ஆளையும் அனுப்பி, "தொடரும்" என்று போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அடுத்த கிழமைப் பேப்பரில் கறுப்புக் கட்டத்துக்குள் உங்கள் பெயர். இவரோ எழும்பி உட்கார்ந்துவிட்டார். "வாசி மேரி, அவளுக்கு எப்படியாம்?" ஐயோ நானா, நான் என்ன செய்ய? பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, காய்ச்சல் விட்டது, பிளேன்டீ கேட்டாள் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "அப்பாடா" என்று சாய்ந்து படுத்தார்.

அன்று தொடங்கி ஒவ்வொரு வெள்ளியும் பொய் வாசிக்கிறேன். முடுக்கில் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு, நீங்கள் போன செய்தி அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் கிழமை கேட்டார்: "நானா இப்ப ஒரு பிழையும் விடுறாரில்லையே மேரி? கோயில் விசயமெல்லாம் சரியா எழுதுறார்."

"ஆரிட்டையாவது கேட்டு எழுதுறாராக்கும்" என்றேன்.

"பிழை இல்லாட்டி ருசி இல்லை" என்றார். அடுத்த வெள்ளி றோசலினை, கோயிலில் கலியாணமே நடக்காத தபசு காலத்தில் கலியாண வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, துவாயெல்லாம் இரத்தம். அவருக்குத் தெரியுமோ நானா? தெரிந்துகொண்டேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ?

மேற்கொண்டு கதையை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல், போன கிழமை உங்கள் வீட்டைத் தேடி மாளிகாவத்தைக்கு வந்தேன். உங்கள் மனைவி, ராத்தா, புருசன் போனவர்கள் வாசல் தாண்டாமல் இருக்கிற இத்தாவில் இருக்கிறா. உங்கள் கதை வாசிக்கிறவள் என்று மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. பிறகு பெட்டியைத் திறந்து ஏழு தாள் எடுத்தா. "இதான் தங்கச்சி கடைசி. எழுதி முடிச்சிட்டுத்தான் போனார். எனக்கு வெளிய எறங்க ஏலாது. மருதானை அச்சுக்கூடத்துல குடுத்துடுங்க. இது அமானிதம்."

நம்பி ஒப்படைத்த பொருள். அந்தச் சொல்லின் பாரம் எனக்குத் தெரியாதா?

மருதானை ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து வாசித்தேன். ஏழாம் தாளில் றோசலின் செத்துப்போகிறாள். பாவி மனுசா, ஏன் அப்படி எழுதினீர்கள்? சாகக்கிடக்கிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலை யாரிடம் போய்க் கேட்டீர்கள்? ஒரு பிழைகூட இல்லை! போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதேன். அச்சுக்கூட வாசல் வரைக்கும் போய், உள்ளே போகாமல் ட்ராம் ஏறி வந்துவிட்டேன்.

அது அச்சில் வந்தால் என்ன நடக்கும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நீங்கள் செத்ததை மறைத்தவர்கள் றோசலின் செத்தால் மறைப்பார்களா? பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் பிலோமினா அக்கா ஒப்பாரியே வைத்துவிடுவா. அவள் போய்விட்டாள் என்று கேட்ட அன்றைக்கே இவரும் போய்விடுவார்.

இந்தத் தாள்களுக்காகக் கொழும்பே காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ராத்தா ஒவ்வொரு வெள்ளியும் பேப்பரைப் புரட்டிப் பார்ப்பா என்பதும் தெரியும். கள்ளி என்று திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு இவரை விட்டால் யார் இருக்கிறார்கள் நானா?

உங்கள் அமானிதத்தை நான் தின்னமாட்டேன். இவர் மூச்சு இருக்கும்வரை அது என் சீலைப் பெட்டிக்குள் கிடக்கும். அடக்கம் முடிந்த மறுநாள் கறுப்புச் சீலையோடு நானே மருதானைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இது சத்தியம். இந்தக் கடிதத்தையும் கூடவே கொடுத்து, முதலில் இதைப் போடுங்கள் என்று கேட்பேன். ஆகையால் நானா, இதை யாராவது பத்திரிகையில் வாசிக்கிறார்கள் என்றால், அவர்கள் சந்தியாகுவுக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லட்டும்.

அமானிதம் வைத்திருக்கும்
உங்கள் தங்கச்சி,
மேரி