அக்கா சொன்னதும் நான் எழுதியதும்

மாப்ளே,

இன்று காலை ஒரு இன்லேண்ட் லெட்டரின் ஓரத்தை நாக்கில் நனைத்தேன். அந்தப் பசையின் கசப்பு தொண்டையில் இறங்கியதும் உன் முகம் வந்துவிட்டது. உன் மாமன் ஆயிரம் கடிதம் ஒட்டிய நாக்குக்காரன். அந்த நாக்குதான் உன்னைக் கெடுத்தது.

லிங்கராஜபுரத்து அறையில் ஞாயிறுதோறும் என் தர்பார் இன்னும் நடக்கிறது. ஜெயிலில் இருக்கும் நம் தமிழ்ப் பையன்களின் வீட்டார் வருவார்கள். வீட்டிலிருந்து கடிதம் போய்க்கொண்டே இருந்தால், வெளியே வருகிறவன் வீட்டுக்கு வருவான், மறுபடி உள்ளே போகமாட்டான் என்று இந்த வேலையைத் தொடங்கிய நாங்கள் நாலு பேர் நம்பினோம். தமிழில் எழுதினால் படித்துப் பார்த்து அனுமதிக்க இந்தக் கன்னட நாட்டு ஜெயில் ஆபீசில் ஆள் இல்லை. கடிதம் வாரக்கணக்கில் கிடக்கும். ஆகவே அவர்கள் தமிழில் சொல்ல, நான் கன்னடத்தில் எழுதுவேன்; கன்னடப் பள்ளிக்கூடம் போன பையன்கள் படித்துக்கொள்வார்கள். இரு மொழிக்கும் ஏக சக்கரவர்த்தி! என் கையெழுத்தைக் கண்டு ஜெயிலரே எழுந்து நின்றார் என்று சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரப்பிவைத்திருந்தேன்.

ஸ்கூட்டர் திருடி நீ முதல் தடவை உள்ளே போனபோது மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தேன். கம்பிவலைக்குப் பின்னால் நின்றும் உனக்குக் கிண்டல் போகவில்லை.

"மாமா, நீ பூனையப் பாத்தா புலின்னுவ. புலியப் பாத்தா இன்னான்னுவ?"

"அத வளத்ததே நான்தான்னுவேன்."

காவலர்கூடச் சிரித்தார்.

உன் விடுதலைக்கு முந்தின மாதம் உன் அம்மா, என் அக்கா, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து உனக்குச் சொன்னாள்: "மெக்கானிக் கடைல இனிமே வேல கெடையாதுன்ட்டாங்க. ஓடு ஒழுவுது. அதனால இன்னா? சோறு இருக்குது. நேரா வூட்டுக்கு வந்துடுன்னு எழுதுப்பா."

ஜெயிலிலிருந்து வருகிற ராஜகுமாரனுக்கு ஒழுகுகிற கூரையா? எனக்குப் பொறுக்கவில்லை. எழுதினேன்: கடை முதலாளி உன் பெயரைச் சொல்லாமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை. உன் காக்கிச் சட்டையைத் துவைத்து ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். வந்த அன்றே வேலை. எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். கன்னட எழுத்து தெரியாத அவள் தலையாட்டினாள்.

"வாசல்ல வந்து யாரும் நிக்காதீங்க, நானே வரேன்" என்று நீ சொல்லியனுப்பியிருந்தாய். வேலையோடு வீட்டுக்குள் நுழைய ஆசை உனக்கு. ஜெயில் வாசலிலிருந்து நேராகக் கடைக்குப் போயிருக்கிறாய், கையில் என் கடிதத்தோடு.

"யார்பா எழுதுனது? கள்ளனுக்குலாம் இங்க எடமில்ல, நட" என்றாராம் முதலாளி. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

நீ வீட்டுக்கு வரவில்லை. பழைய கூட்டாளிகள் இடம் கொடுத்தார்கள். ஜோகுபாளையத்து வீட்டில் அக்கா மூன்று நாள் சோறு வடித்து வைத்தாள். பதினொன்றாம் நாள் இன்னொரு வண்டியோடு பிடிபட்டாய்.

இரண்டாம் தடவை வலைக்குப் பின்னால் நீ கிண்டல் செய்யவில்லை. "வேல இல்லன்னு எழுதியிருந்தா நேரா வூட்டுக்கே வந்திருப்பேன் மாமா" என்றாய். அவ்வளவுதான். அந்த மழைக்காலத்திலேயே உள்ளேயே காமாலை கண்டு செத்துப்போனாய்.

நான் மாற்றி எழுதியது அக்காவுக்கு இன்னும் தெரியாது. "சோறு இருக்குது வான்னு அவ்ளோ சொல்லியும் வரலியே, என் சோறு கசந்துபோச்சா?" என்று என்னையே கேட்கிறாள். புலியை வளர்த்தவன் அவள் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் கடிதம் எழுதக் கேட்டு வருகிறவர்கள் சொல்வதற்கு மேல் ஒரு புள்ளி வைப்பதில்லை. இன்று காலையும் ஒருத்தி சொன்னதைச் சொன்னபடி எழுதி ஒட்டினேன். அவள் மகன் வீடு வந்து சேரலாம். நீ வரப்போவதில்லை. உன் அம்மா கொடுத்த சொல்லோ இத்தனை வருடமாக என்னிடமே கிடக்கிறது. தமிழிலேயே எழுதிவிடுகிறேன். இதைப் படித்து அனுமதிக்க ஆள் வேண்டாம். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

வேல கெடையாதுன்ட்டாங்க. ஓடு ஒழுவுது. அதனால இன்னா? சோறு இருக்குது. நேரா வூட்டுக்கு வந்துடு.