அவள் பேரை எடுக்கக் கூடாது

10-8-2006, வியாழன்

இன்று என் மனைவி சரசுவைக் கோயமுத்தூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். மகள் கவிதா காய்ச்சலில் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. சரசு பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது ஆமாங்க, இல்லீங்க என்பதோடு சரி.

ஆலோசகரம்மா கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். பனியன் விற்றுப் பழகிய வாய். சரசுவைப் பார்த்து, "தூக்கம் வருதுங்களா?" என்றார்.

"வருதுங்க" என்றேன்.

"ஏனுங்க, தூங்குறது நீங்களா, அவங்களா? கொஞ்சம் வெளிய உக்காருங்க."

அரைமணி நேரம் வெளியே இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் சரசுவின் குரல் நிற்கவே இல்லை. சந்தோஷப்படுவதா ரோஷப்படுவதா என்று தெரியவில்லை.

திரும்பும்போது காரில் கேட்டேன். "அப்படி என்ன பேசுன?"

"கவிதாவைப் பத்திங்க."

"எங்கிட்டப் பேசியிருக்கலாமல்ல?"

"காரியம் முடிஞ்ச அன்னிக்கு நீங்கதானுங்க சொன்னீங்க, இனி இந்த ஊட்டுல அவ பேரை எடுக்கக் கூடாதுன்னு."

சொன்னேன்தான். வீணாய்ப்போன சரக்கைத் திரும்பிப் பார்க்கிறவன் தொழிலில் நிற்க மாட்டான் என்பது என் கொள்கை. இத்தனை வருஷம் அதுதான் என்னைக் காப்பாற்றியது. வீட்டுக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். அவள் நல்லதுக்குச் சொன்னதாகத்தான் நினைப்பு. உண்மையில் அந்தப் பேரைக் கேட்க எனக்குத்தான் தெம்பில்லை.

"இனிமே பேசு, சரசு" என்றேன்.

"அங்கயே பேசிக்கிறேனுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மரியாதையாகச் சொன்னாள்.