அப்பா ரசம் வைத்த நாட்கள்

பவானிபூர், கல்கத்தா
3-10-1909

சௌபாக்கியவதி சாவித்ரிக்கு அப்பா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

நேற்றுக் காலை நான் ரசம் வைத்தேன். நெருப்பை அணைக்க ஆள் வந்தது. நடந்தது இதுதான். நெய்யில் கடுகு வெடித்தது, மிளகாயைப் போட்டேன், பெருங்காய டப்பா எங்கே என்று தேடப் போனேன். டப்பா கிடைப்பதற்குள் அறை முழுக்கப் புகை. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாள் (தெருவில் எல்லோரும் மாஷிமா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன்) என்னவோ கூவிக்கொண்டு ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை அடுப்பின் மேல் கொட்டினாள். பாதி அடுப்புக்கு, பாதி எனக்கு. ஈர வேஷ்டியும் கையில் கரண்டியுமாக நான் முற்றத்தில் நிற்கிறேன். எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது. கும்பகோணம் ரிஜிஸ்தர் ஆபீஸில் முப்பது வருஷம் சம்பாதித்த மரியாதை கல்கத்தாவில் ஒரு நிமிஷத்தில் போயிற்று.

நீங்கள் ஏன் அப்பா சமைக்கிறீர்கள் என்று கேட்பாய். உன் அம்மா வழக்கம்போல் மூன்று நாள் விலகி உட்கார்ந்திருக்கிறாள். பிறத்தியார் கையால் பச்சைத் தண்ணீர்கூட அவளுக்கு இறங்காது என்பது உனக்குத் தெரியும்.

காசி, கயை முடித்துக்கொண்டு ஆவணியிலேயே இங்கே வந்தோம். நம் ஊர் மஹாதேவன் இங்கே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கிறான் அல்லவா, அவன்தான் இந்த அறையைப் பிடித்துக் கொடுத்தான். உன் அம்மாவுக்குக் காளிகட்டத்தில் ஏதோ பிரார்த்தனை என்று தங்கினோம், நாள் ஓடிவிட்டது. ஒரு மாதமாகக் கடிதம் போடாதது என் சோம்பேறித்தனம். உன் சீமந்தத்துக்குள் வந்துவிடுவோம்.

அம்மா சொல்லச் சொன்னது: உடம்பைப் பார்த்துக்கொள். மாமியார் சொற்படி கேட்டு நட.

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

அப்பா
வைத்தீஸ்வரன்


தென்னூர், திருச்சினாப்பள்ளி
8-10-1909

அப்பாவுக்கு சாவித்ரி செய்த நமஸ்காரம்.

ரசக் கதையை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் என் மாமியார் உள்ளேயிருந்து வந்து என்னவென்று கேட்டார். கேட்டுவிட்டு மாமியார் சிரிக்கவில்லை. "சம்பந்தியம்மாளுக்குப் புண்ணியத்தை மூட்டை கட்டவே நாழி சரியா இருக்கு போலிருக்கு. பெண்ணுக்கு எட்டாம் மாசம்னு யாராவது காளிகட்டத்துல போய்ச் சொல்லிட்டு வாங்களேன்" என்றார். மாமியார் சொற்படி கேட்டு நட என்று அம்மா சொன்னாளா, அப்பா? என் அம்மாவா?

வளைகாப்பும் சீமந்தமும் வருகிற 27ஆம் தேதி ஒரே நாளில் என்று நிச்சயமாகிவிட்டது. முதல் வளையலை அம்மாதான் போடவேண்டும். மறுநாளே என்னைக் கும்பகோணத்துக்கு அழைத்துப்போக வேண்டும். பிரசவம் மார்கழி முதல் வாரம் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. அதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. அம்மாவிடம்தான் சொல்லவேண்டும்.

எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

சாவித்ரி


பவானிபூர், கல்கத்தா
13-10-1909

சௌ. சாவித்ரிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

குழந்தாய், 27ஆம் தேதிக்கு வர முடியாது போலிருக்கிறது. இங்கே துர்க்கா பூஜை வருகிறது. ஆபீஸ்களெல்லாம் மூடி ஊரே ரயிலேறுகிறது. ஹௌராவில் நிற்க இடமில்லை என்று மஹாதேவன் சொல்கிறான். கூட்டம் குறைந்ததும் கிளம்பிவிடுவோம். உன் மாமியாருக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன், அதில் என் தமிழ் எனக்கே புரியவில்லை.

வாசலில் கோலமும் இப்போது நான்தான். உன் அம்மா உள்ளேயிருந்து "நாலு புள்ளி, நடுவுல ரெண்டு" என்று சொல்கிறாள், நான் போடுகிறேன். மாஷிமாவின் பேத்தி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, இது உங்கள் ஊருக்குப் போகும் வழியா என்று கேட்டாள். ரசம் தேறிவிட்டது. இன்று கத்தரிக்காய்க் கறியும் நானே. அம்மா விலகியிருப்பதால் அடுப்பங்கரை என் ராஜ்யம்.

அம்மா சொல்லச் சொன்னது: பயப்படாதே, எல்லாம் பகவான் பார்த்துக்கொள்வார்.

அப்பா


தென்னூர்
18-10-1909

அப்பாவுக்கு நமஸ்காரம்.

3ஆம் தேதிக் கடிதத்தில் அம்மா விலகி உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதினீர்கள். 13ஆம் தேதிக் கடிதத்திலும் விலகியிருக்கிறாள். நானும் பெண்தான், அப்பா. பத்து நாள் யாரும் அப்படி உட்காருவதில்லை. மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்கு வராமல் அம்மா இருந்ததை நான் பார்த்ததே இல்லை. உங்களைக் கோலம் போடச் சொல்லிவிட்டு உள்ளே இருக்கிறவளும் அவளில்லை. நீங்கள் தப்பாக வைத்த ஒரு புள்ளியை அழிக்க ஓடி வந்திருப்பாள்.

எனக்கு அம்மா சொல்லச் சொன்னதாக நீங்கள் எழுதியதில் அம்மாவின் பேச்சு ஒரு வார்த்தைகூட இல்லை. பகவான் பார்த்துக்கொள்வார் என்று அம்மா சொல்லமாட்டாள். "நான் வந்து பார்த்துக்கறேன்" என்பாள்.

அம்மா இருக்கிறாளா?

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தேன். கர்ப்பிணியிடம் சொல்லக்கூடாது என்று மறைக்கிறீர்கள். எனக்குத் தெரியும். சொல்லாததுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது. நீங்கள் எழுதினால் இனி நம்பமாட்டேன். அம்மாவின் வலது கையை மஞ்சளில் தோய்த்து ஒரு காகிதத்தில் பதித்து அனுப்புங்கள். அந்தக் கை எனக்குத் தெரியும். தந்தி மட்டும் கொடுக்காதீர்கள். இந்த வீட்டில் தந்தியைப் பிரிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த மாதத்துக்குள் கை வராவிட்டால் அவரை ரயிலேற்றி அனுப்புவேன்.

சாவித்ரி


பவானிபூர், கல்கத்தா
22-10-1909

என் கண்ணே சாவித்ரி,

முதலில் உறையில் இருக்கும் காகிதத்தைப் பிரித்துப் பார். சுண்டுவிரல் கோணலைப் பார். பார்த்துவிட்டு இதைப் படி.

அம்மா இருக்கிறாள். இப்போது ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தெருவில் அடிக்கும் பூஜைக் கொட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். "கொட்டறவனுக்குக் கை வலிக்காதோ?" என்கிறாள்.

காசியிலேயே அவளுக்கு அடிவயிற்றில் வலி. என்னிடம் சொல்லவில்லை. ஹௌராவில் இறங்கும்போது பெட்டியின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். மஹாதேவன் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கர்ப்பப்பையில் கட்டி, தேங்காய் அளவு, அறுக்காவிட்டால் ஒரு மாதம் தாங்காது என்று டாக்டரம்மாள் சொன்னாள். அவள் துரைசானி. அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மஹாதேவன் தமிழில் சொல்லவேண்டும். கல்யாணமாகாத பையன், பாவம், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

செப்டம்பர் 9ஆம் தேதி அறுத்தார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. அங்கே கொடுத்த எதையும் தொடமாட்டேன் என்று பழமும் பாலுமாக இருந்தாள். கஞ்சி வைத்துக்கொண்டு போகத்தான் நான் அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டேன். அறைக்கு வந்தது இந்த மாதம் முதல் தேதி. கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் பதினோரு அடி, தினம் நாலு தரம் நடக்கிறாள். குடம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, புளி ஆகாது. தலை வாரிப் பின்னிவிடுவதும் நான்தான். "கயிறு திரிக்கறேளா, மாட்டைக் கட்டப்போறேளா?" என்று கேட்கிறாள்.

உனக்கு எழுதக்கூடாது என்பது அவள் உத்தரவு. "எட்டு மாசக்காரிக்கு இதை எழுதினேளோ, தையலைப் பிரிச்சுண்டு நானே நடந்து போயிடுவேன்" என்றாள். கையைப் பதிக்கச் சொன்னபோது, பூஜைக்கு இந்த ஊர் வழக்கம் என்று ஒரு பொய் சொன்னேன். "என் கையையும் ரிஜிஸ்தர் பண்ணப்போறேளா?" என்று சிரித்தாள். அம்மா சொன்னாள் என்று நான் எழுதியதெல்லாம் என் கைச்சரக்கு. ரசத்தைவிட மோசம்.

இன்னும் ஒன்று. நீ உண்மை கேட்டாய், பாதி மட்டும் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். அதற்குச் சம்மதக் காகிதம் ஒன்று. நான் கையெழுத்துப் போட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியாது. அவள் காசிக்குக் கிளம்பியதே ஒரு பிள்ளை வேண்டும் என்றுதான். உனக்குப் பின் மூன்று பிறந்து தங்கவில்லை. ராமேசுவரமும் போய்வந்தால் நிச்சயம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கட்டியை எடுத்தாயிற்று என்றுமட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இனி அவள் மூன்று நாள் விலகி உட்காரவே போவதில்லை. என் பொய் எப்படிப்பட்ட பொய் பார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன் ஒரு வரி விடாமல் அவர்களுக்குப் படித்துக் காட்டுவது என் உத்தியோகம். முப்பது வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு வரி விட்டதில்லை. கட்டின பெண்டாட்டிக்கு விட்டேன்.

நீ சாப்பிடு. எனக்காக அல்ல, இந்தக் கைக்காக.

அப்பா


தென்னூர்
27-10-1909

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சாவித்ரி நமஸ்காரம்.

காகிதம் நேற்று வந்தது. அந்தக் கைமேல் என் கையை வைத்துப் பார்த்தேன். பிறகு சாப்பிட்டேன். பிறகு உங்கள்மேல் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை.

இன்று சீமந்தம் ஆயிற்று. மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை, அது எது என்று அப்பாவுக்குத் தெரியும். வளையல் போடும் நேரம் வந்தபோது தாம்பாளத்திலிருந்து இரண்டு வளையலை எடுத்து ஒரு துணியில் முடிந்து வைத்தார். "இது உன் அம்மா வந்து போடறதுக்கு. வராம எங்க போயிடுவா?" என்றார். அப்போதுதான் அழுதேன்.

டாக்டரம்மாள் போகலாம் என்று சொல்லும் நாள்வரை நான் இங்கேயே இருக்கிறேன். அவசரப்பட்டு அம்மாவை ரயிலேற்றினால் நான் கும்பகோணத்துக்கு வரவே மாட்டேன்.

அப்பா, இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியட்டும். ஒரு வரி விடக்கூடாது. கீழே இருப்பது அம்மாவுக்கு.

அம்மா, அப்பா உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். சொல்லும்வரை அவரை விடாதே.

சாவித்ரி


பவானிபூர், கல்கத்தா
2-11-1909

சௌ. சாவித்ரிக்கு ஆசீர்வாதம்.

வில்லங்கம் பிடித்த பெண்ணைப் பெற்றேன்.

உன் கடிதம் வந்தது நேற்று முன்தினம். பாதியைத் தனியாகப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். "யார் எழுதினது? திருச்சினாப்பள்ளி முத்திரையா? படியுங்கோ." படித்தேன். உனக்கு எழுதியதற்காகத் திட்டு விழுந்தது, வாங்கிக்கொண்டேன். வளையல் முடிச்சு வந்த இடத்தில் புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசி வரிக்கு வந்தேன். நின்றேன். இருமினேன்.

"பத்திரம் படிக்கறாப்பல ஒரே மூச்சாப் படிப்பேளே, ஏன் நின்னுது?" என்றாள்.

"அவ்வளவுதான், முடிந்தது" என்றேன்.

"கீழ இன்னும் எழுத்து இருக்கே. எனக்குப் படிக்கத் தெரியாது, கண்ணு தெரியும்."

படித்தேன். ஒரு வரி விடவில்லை, சாவித்ரி. படித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் டிராம் ஒன்று போயிற்று, அந்தச் சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்தேன்.

அவள்தான் பேசினாள். "பையை எடுத்துட்டா. அதுதானே? ஆஸ்பத்திரியில இருந்த அந்த நெல்லூர் நர்ஸ் அரைகுறைத் தமிழ்ல முதல் வாரமே சொல்லிட்டா."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதையைப் பார்.

"பிள்ளை பிள்ளைன்னு நான் வேண்டிண்டதைவிட நீங்க வேண்டிண்டது ஜாஸ்தி. உங்களால தாங்க முடியாதுன்னு சொல்லல்லே. ராமேசுவரம் ராமேசுவரம்னு பேசிண்டிருந்தேன், உங்களுக்குத் தெரியாமலேயே போகட்டும்னு."

ஐம்பத்திரண்டு நாள், ஆஸ்பத்திரியிலும் இந்த அறையிலுமாக, ஒருவருக்கொருவர் இதே ஒன்றை ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். நான் விசிறினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கையெழுத்துப் போடறச்சே ரொம்ப வருத்தமா இருந்துதா?"

"பேனா சரியில்லை, மை கொட்டிவிட்டது" என்றேன்.

"சிரிக்க வைக்காதேங்கோ, இழுக்கறது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று டாக்டரம்மாள் பார்த்தாள். இந்த மாதம் 22ஆம் தேதிக்குமேல் ரயிலில் படுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டாள். வால்டேர் வழியாக வருகிறோம். மஹாதேவன் சென்னைப்பட்டணம்வரை கூட வருகிறான். நேரே உன் வீட்டுக்குத்தான். உன் மாமியாரிடம் அந்த முடிச்சைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல். அம்மா சொல்கிறாள், இது நிஜமாகவே அவள் சொன்னது: "குனிஞ்சு உட்காராதேன்னா குனிஞ்சு குனிஞ்சு எழுதிண்டே இருக்காளே, அவளை நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கோ. மீதியை நான் வந்து பார்த்துக்கறேன்."

மாப்பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் என் அன்பையும் நமஸ்காரத்தையும் சொல்.

அப்பா
வைத்தீஸ்வரன்

கையெழுத்துக்குக் கீழே எழுதுவது செல்லாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். செல்லாமலே போகட்டும், இதை அவளுக்குப் படித்துக் காட்டப்போவதில்லை. அவள் கேட்டதற்கு நான் வாய்விட்டுச் சொல்லாதது இது: வருத்தமே இல்லை. பிள்ளை என்கிற நினைப்பே அப்போது வரவில்லை. இவள் இல்லாமல் கும்பகோணம் ஸ்டேஷனில் நான் ஒருவனாக எப்படி இறங்குவேன் என்று பயந்துதான் மை கொட்டிற்று.