செல்வி முறுக்குன ஒயரு

ஞாயிறு, ராத்திரி

என் ஆட்டோல இருந்த சப் வூஃபரைக் கழட்டி இன்னிக்கு வூட்டு ஆம்ப்ளிஃபயர்ல மாட்டுனேன். ஆம்ப்ளிஃபயர் என் பொண்டாட்டி செல்வி ஆசையா வாங்குனது. சப் வூஃபர்ல ரெண்டு காயில் கீது. எங்க திருவொத்தியூர் ஸ்டாண்டுல அல்லாரும் பண்ற மாரி, பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் சேத்துக் கட்டுனேன். சவுண்ட ஏத்துனதும் ஆம்ப்ளிஃபயர் அணைஞ்சுது. மறுபடி போட்டேன், மறுபடி அணைஞ்சுது. தொட்டா தோசக்கல்லு மாரி கொதிக்குது.

"இன்னொரு வாட்டி போட்டே, கைய ஒடிச்சிருவேன்"னா செல்வி. மணலி கம்பெனில மோட்டாருக்கு காயில் சுத்துறவ அவ. மீட்டர வெச்சுப் பாத்தா. "ஒவ்வொண்ணும் நாலு ஓம். நீ கட்டுனதுல ரெண்டாயிடுச்சுய்யா. ஆட்டோல இருக்கற ஆம்ப்ளிஃபயரு அத்த தாங்கும். இதுக்குப் பின்னாடி இன்னா போட்டுக்கீது பாரு, நாலுக்குக் கீழ கூடாது."

ஒரு காயிலோட மைனஸ அடுத்ததோட பிளஸ்ல முறுக்கி டேப்பு சுத்துனா. மிச்ச ரெண்டு ஒயர ஆம்ப்ளிஃபயருக்கு விட்டா. இப்ப எட்டு ஓமாம். அஞ்சு நிமிசம் கூட ஆவல. அவ்ளோ சுத்தமான பேஸ் என் ஆட்டோல ஒரு நாளும் கேட்டதில்ல.

பக்கத்து வூட்டு கபீர் ஓடியாந்தான், என் ஸ்டாண்டு தோஸ்து. "மாமு, சூப்பரா கட்டிக்கீறியே!"

செல்வி மீட்டர முந்தானைல மறச்சுக்கினு, "அவருதாண்ணே கட்டுனாரு"ன்னா.

நானும் தலைய ஆட்டிட்டேன்.

இப்ப தூங்கறா. வெரல்ல இன்னும் டேப்பு பசை கீது. நாளைக்கு கபீராண்ட உண்மைய சொல்லிடணும். ஸ்டாண்டுல இல்ல, இவ எதிர்லயே.