ரூபனின் முழங்கால்

உன் மடிக்கணினியைத் திறந்ததும் முதலில் வந்தது தைல வாசம். விசைப்பலகையின் இடது பக்கத்தில் மூன்று நான்கு எழுத்துகள் எண்ணெய்ப் பிசுக்கில் மங்கிப் போயிருந்தன. வலது கையால் விளையாடிக்கொண்டே இடது கையால் முழங்காலைத் தேய்ப்பாய். பிறகு அதே கையைக் கழுவாமல் கொண்டுவந்து எழுத்துகள் மேல் வைப்பாய். எத்தனை தரம் ஏசியிருப்பேன். அக்குறணையில் பாதி ஊரின் கணினிகளைத் திருத்தியிருக்கிறேன். மூடியைத் திறந்ததும் ஆள் யார் என்று மூக்கு சொன்னது இதுதான் முதல் தரம்.

உன் மனைவிதான் கொண்டுவந்து தந்தார். நீ போன பின் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து அவர் கடைத்தெருவுக்கு வந்த முதல் நாள் அது. நான் கதிரையைத் துடைத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை. அண்ணன் முறை வைத்து என்னை நானா என்பார்.

"நானா, இது மகளுக்குப் படிக்கத் தேவையா ஈக்கி. உள்ளுக்க ஈக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டு, துப்புரவாக்கித் தாங்க."

"படம் ஒண்டும் எடுத்து வைக்கத் தேவையில்லயா?"

"படமெல்லாம் போன்ல ஈக்கி. இதுக்குள்ள ஈக்கிறது அவரோட பந்து வெளாட்டு மட்டுந்தான்." போகத் திரும்பியவர் மறுபடி என் பக்கம் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் எனத்துக்குப் பேசாம இருந்தீங்கன்னு கடைசி வரைக்கும் அவர் செல்லவே இல்ல."

நான் மேசையில் கிடந்த ஒரு வயரை எடுத்துச் சுற்றத் தொடங்கினேன். என்ன சொல்வது? நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், உலகத்தில் எங்குமே பிறக்காத ஒரு பொடியனின் முழங்காலுக்காக இரண்டு வருடம் முகம் திருப்பிக்கொண்டு இருந்தார்கள் என்றா?

அந்தக் கணினிக் கால்பந்து விளையாட்டை நான்தான் உனக்குக் காட்டினேன். அதில் பந்தை உதைக்க வேண்டியதில்லை. கழகத்தை நடத்த வேண்டும், ஆட்களை எடுக்க வேண்டும், யாரை இறக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். முழங்கால் போனவனுக்கு ஏற்ற விளையாட்டு என்று நீயே சொல்லிச் சிரித்தாய். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடைத்தெரு அடங்கிக் கிடக்கும் நேரத்தில், என் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். பார்சல் சோறு ஒரு பக்கம், உன் தைலப் போத்தல் ஒரு பக்கம். இங்கிலாந்தில் யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன ஊரின் கழகத்தை ஐந்தாம் பிரிவில் எடுத்தோம். உன் மிளகு கராம்புக் கடையிலிருந்து எவனாவது கூப்பிட்டால், "மீட்டிங்ல ஈக்கிறேன்" என்று கூசாமல் சொல்வாய்.

அந்த விளையாட்டில் வருடங்கள் வேகமாக ஓடும். நாம் தொலைக்காட்சியில் பார்த்த உண்மையான வீரர்கள் ஒவ்வொருவராகக் கிழடாகி ஓய்வு பெறுவார்கள். அந்த இடத்தை நிரப்ப கணினியே பதினாறு வயதுப் பொடியன்களை உண்டாக்கும். பெயர், நாடு, உயரம், குணம், எல்லாம் அது போடுகிற கணக்கு. முதலில் நாம் அவர்களை மதிக்கவில்லை. "பொய்ப் பொடியன்கள்" என்போம். ஆறேழு பருவம் போனபோது, நம் அணியில் உண்மையான மனிதன் ஒருவன்கூட மிஞ்சவில்லை. அதைக் கவனித்தபோது நமக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

எனக்கு யூஹா. பின்லாந்துக்காரன், கோல் காப்பாளன், ஆறடி நான்கு அங்குலம். நானும் பள்ளிக்கூடத்தில் கோல் காத்தவன், அதனால் அவன் எனக்கு. உனக்கு ரூபன். போர்த்துக்கல் பொடியன், இடது ஓரத்தில் ஓடுகிறவன். "இது யாழ்ப்பாணத்துப் பேர் மாதிரி ஈக்கே" என்று முதல் நாள் கேலி செய்தாய். அவனுடைய வேகம் இருபதுக்குப் பதினேழு. அந்த எண்ணைப் பார்த்த பிறகு கேலியை விட்டுவிட்டாய்.

வந்த புதிதில் அவன் சரியாக ஆடவில்லை. வீட்டு ஞாபகம், ஊர் பிடிக்கவில்லை என்று கணினி அறிக்கை தந்தது. நீ சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாய். "பாஷ தெரியாத ஊர்ல தனியா ஈக்கான் மச்சான். யாரோட பேசுவான்?" என்றாய். அடுத்த கிழமையே முப்பத்தாறு வயதான ஒரு போர்த்துக்கல் தடுப்பாட்டக்காரனைக் கூட்டி வந்தாய். அந்தக் கிழவனுக்கு ஓடவும் ஏலாது, பாயவும் ஏலாது. ரூபனோடு பேசுவதற்கென்றே ஓர் ஆள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு மாதத்தில் ரூபன் கோல் அடிக்கத் தொடங்கினான், நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நமக்கு ஒரு சட்டம் இருந்தது. தோற்றாலும் சரி, ஆள் போனாலும் சரி, சேமித்து வைத்த பழைய பதிவைத் திரும்பத் திறந்து மறுபடி ஆடக் கூடாது. உலகமே அப்படித்தான் ஆடுகிறது, நாம் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று கேட்டேன். "நடந்தது நடந்ததுதான். அழிச்சி அழிச்சி ஆடினா அது ஆட்டமா?" என்றாய். சரி என்றேன். என் பென் டிரைவில்தான் அந்த உலகம் முழுவதும் இருந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. நீ சரக்கு எடுக்க மாத்தளைக்குப் போயிருந்தாய். சும்மா ஒரு ஆட்டம்தானே என்று தனியாக ஆடினேன். முப்பதாவது நிமிடத்தில் ரூபன் விழுந்தான். ஆட்டம் முடிந்ததும், முழங்கால், உள்ளே தசைநார் அறுந்துவிட்டது, பதினான்கு மாதம் ஆட ஏலாது என்று அறிக்கை வந்தது. அவனுக்கு இருபத்தொரு வயது. உண்மையைச் சொல்கிறேன், இதை உனக்கு எப்படிச் சொல்வேன் என்பதுதான் என் ஒரே யோசனை. பதியாமல் மூடினேன். காலையில் இருந்த பதிவைத் திறந்து அதே ஆட்டத்தை மறுபடி ஆடினேன். ரூபன் இரண்டு கோல் அடித்தான். உனக்கு நன்மை செய்ததாக நினைத்து நிம்மதியாக அஸர் தொழப் போனேன்.

கணினி திருத்துகிறவன் நான். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அந்த விளையாட்டு தானாகவே ஒரு பிரதி எடுத்து வைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? அழிக்க மறந்தேன். அடுத்த கிழமை நீ அதைத் திறந்தாய். திரையில் ரூபனின் பெயருக்கு முன்னால் சிவப்பு அடையாளம். நீண்ட நேரம் பார்த்தாய். முழங்காலில் இருந்த கை தேய்க்காமல் அப்படியே நின்றது.

"நீ அப்பவும் இதத்தான் செஞ்ச," என்றாய்.

"எப்ப?"

"தெரியாத மாதிரி கேக்காத. கால் போனவன பட்டியல்ல இருந்து எடுக்கிறது ஒனக்குப் புதுசில்லயே."

பள்ளிக்கூட அணிக்காகக் கண்டியில் அரையிறுதி ஆடிய அன்று உன் முழங்காலை ஒருவன் மிதித்து உடைத்தான். இறுதி ஆட்டத்துக்கு ஒரு கிழமை. கட்டுப் போட்ட காலோடு, பதினோராம் இலக்க ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தால் போதும் என்று நம்மைப் பழக்கிய மாஸ்டரிடம் கேட்டிருந்தாய். மாஸ்டர் என்னைக் கேட்டார். நான் அணித் தலைவன். "இறங்க ஏலாதவன் பேர் எனத்துக்கு சேர், வேற ஒத்தனப் போடுங்க" என்று சொன்னேன். பதினேழு வயதில் அது எனக்கு நியாயமாகப் பட்டது. பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் சான்றிதழ் என்று பிறகுதான் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கும் சான்றிதழ் கிடைத்தது. நம்மை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோன உனக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்கும் நான் வரவில்லை. வெட்கம். இருபத்தைந்து வருடம் நீ அதைப் பற்றி ஒரு சொல் சொல்லாததால், உனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

நீ அதைச் சொன்ன அன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"ஒரு கம்ப்யூட்டர் பொடியனுக்காகவாடா இவ்வளவு? அவன் உசிரோட உள்ள ஆளுமில்ல."

"எனக்குத் தெரியும் அவன் யாருன்னு. அந்தக் காலொடிஞ்ச பதிவ எனக்குத் தா."

பிரதி எடுத்துத் தந்தேன். போத்தலை எடுத்துக்கொண்டு போனாய். கதவு பாதி இறங்கியிருந்ததால் குனிந்து போக வேண்டியிருந்தது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாய்.

மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது பாவம் என்பதால் ஸலாம் மட்டும் வைத்துக்கொண்டோம். அதிலும் என்ன கெட்டித்தனம் நமக்கு. பள்ளி வாசலில் ஸலாம், பதில், அவ்வளவுதான். பெருநாளைக்குக் கை கொடுத்தாய், விரல் நுனி மட்டும். இருநூறு அடி தூரத்தில் இரண்டு கடைகள். நீ முதலில் வரட்டும் என்று நான், நான் வரட்டும் என்று நீ.

பிங்கா ஓயா ஆறு பெருகிக் கடைத்தெருவுக்குள் தண்ணீர் வந்த அன்று நீ வந்தாய். உன் மூட்டைகளை ஏற்றி முடித்த கையோடு, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் காலை இழுத்துக்கொண்டு வந்தாய். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாய். பதில் சொன்னேன். ஊரார் கொடுத்த கணினிகளை ஒவ்வொன்றாக மேல் தட்டுக்கு ஏற்றித் தந்தாய், ஒன்றுகூட நனையவில்லை. ஏற்றி முடிந்ததும் திரும்பிப் போனாய். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. அன்று உன் மேல் எனக்கு வந்தது கோபம்தான். நல்லவனாக இருந்து என்னைத் தோற்கடிக்கிறாய் என்று நினைத்தேன். நான் எப்பேர்ப்பட்ட மனிதன் என்று பார்த்துக்கொள்.

நீ மவுத்தாகிப் போன செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் கேட்டேன், எல்லோரையும் போல. கடையில் தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்தாயாம். அலவத்துகொட மையவாடியில் மண் போட்டேன். மூன்று பிடி. உன் தம்பி என்னைப் பார்த்து, "நீங்களும் வந்தீங்களா" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். எனக்கு அது இன்னும் போகவில்லை.

இப்போது உன் கணினி என் மேசையில். அழிக்கச் சொன்னதை அழிப்பதற்கு முன் திறந்து பார்த்தேன். காலொடிந்த பதிவைத்தான் இரண்டு வருடமும் ஆடியிருக்கிறாய், தனியாக. விளையாட்டில் பத்துப் பருவம் போயிருந்தது. பதினான்கு மாதம் ரூபன் படுத்துக் கிடந்தபோது பதினோராம் இலக்கத்தை நீ யாருக்கும் கொடுக்கவில்லை. அவன் எழும்பி வந்தபோது வேகம் பதினேழிலிருந்து பத்துக்கு இறங்கியிருந்தது. பெரிய கழகம் எதுவும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீ அவனை நடுவுக்கு மாற்றி, தலைவனாக்கி, ஒவ்வொரு முறையும் ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறாய். கழகம் இரண்டு பிரிவு கீழே போயிருந்தது. உனக்கு அதில் கவலை இருந்த மாதிரித் தெரியவில்லை. அவனுக்கு இப்போது முப்பத்தொரு வயது, இன்னும் ஆடுகிறான்.

யூஹாவைத் தேடினேன். அணியில் இல்லை. சண்டை பிடித்துப் போன அந்தக் கிழமையே அவனைச் சும்மா அனுப்பியிருந்தாய். ஒரு சதமும் கேட்காமல், போ என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைத்தான் அனுப்பினாய், வேறு யாரை?

ஆனால் கடைசிப் பதிவு நீ மவுத்தாவதற்கு முந்திய வெள்ளிக்கிழமையுடையது. அதில் பதில் வராத ஒரு விண்ணப்பம் இருந்தது. எங்கோ ஒரு சின்னக் கழகத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த, முப்பத்தைந்து வயதான யூஹாவைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டிருந்தாய். கேட்டதோடு பதிந்து மூடியிருந்தாய். அடுத்த வெள்ளிக்கிழமை பதில் பார்க்கலாம் என்று நினைத்திருப்பாய்.

'தொடரும்' என்ற பொத்தானை நான் அழுத்தினேன். விளையாட்டில் மூன்று நாள் ஓடியது. பதில் வந்தது. முன்பு தன்னை நடத்திய விதத்தை மறக்கவில்லை, இந்தக் கழகத்துக்கு வர விருப்பமில்லை என்று யூஹா சொல்லிவிட்டான்.

என் கை அந்தப் பழைய பழக்கத்துக்குப் போனது. மூடிவிட்டு, நீ வைத்த பதிவை மறுபடி திறந்து, வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு மூன்று தரம் கேட்டால் சம்மதித்தாலும் சம்மதிப்பான். சுட்டியிலிருந்து கையை எடுத்தேன். பிறகு, வந்த பதிலை வந்தபடியே பதிந்தேன்.

பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு உன் கணினியை அழித்தேன். எழுத்துகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நாளைக்கு உன் மகள் வந்து எடுத்துப் போவாள். பென் டிரைவ் என் மேசை லாச்சியில், சாவிக்கொத்தோடு கிடக்கிறது. நீ கேட்டது அதில் இருக்கிறது, அவன் மறுத்ததும் இருக்கிறது. கணக்கால் உண்டானவனுக்கு அவ்வளவு ரோசம். அவனைக் கேட்ட நேரத்துக்கு இருநூறு அடி நடந்து வந்து என்னைக் கேட்டிருந்தால், மச்சான், கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்திருப்பேன்.