நீ விட்டுவைத்த புல்

என் ஆசை அம்மா,

நீ போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நம் லயத்து வீட்டுக் கூரைத் தகரம் இன்னும் அதே இடத்தில்தான் ஒழுகுகிறது. அப்பா அதன் கீழே வாளியை வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். உன்னோடு சண்டை போட்ட நேரமெல்லாம் அவருக்கு இப்போது மீதமாகிவிட்டது.

உனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் மற்றவர்களாவது வாசிக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னைக் கொன்றது எது என்று கேட்டால் தோட்டத்து ஆபீசில் ‘மழை’ என்கிறார்கள். மழைக்குக் கைவிலங்கு போட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

புல்வெட்டில் உனக்கென்று பிரித்துக் கொடுத்த மலைத்துண்டை நீ எப்படி வைத்திருந்தாய்! தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பச்சை இருக்காது. சுரண்டியால் இழுத்து இழுத்துச் சாணி மெழுகிய தரை மாதிரி ஆக்கிவிடுவாய். “ராக்காயி மலையில எல போடாமச் சோறு திங்கலாம்டி” என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். உனக்கு அது பெருமை. தோட்டத்துக்கும் அதுதான் வேண்டும். சிவப்பு மண் பளிச்சென்று தெரிந்தால்தான் தோட்டத்தை நடத்தும் தொரைக்கு அது ஒழுங்கான மலை.

பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படித்துக்கொண்டிருந்தவன் விடுமுறைக்கு வந்தபோது உன்னிடம் சொன்னேன். புல்லின் வேர்தான் மேல்மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் நல்ல மண் இறங்கிப்போய்த் தண்ணீர் ஓடும் கானை அடைக்கும். கான் அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் சரிவுக்குள்ளேயே ஊறும். ஒரு நாள் சரிவே கிளம்பி வரும். நீ அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாய். தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

“அப்ப இத்தன வருசமா நான் மலைக்கு மொட்டையா அடிச்சுக்கிட்டிருந்தேன்?”

“ஆமாம்மா.”

“அடப்பாவி, கோயில்ல நின்னு அடிச்சிருந்தாலும் புண்ணியமாச்சும் கெடைச்சிருக்கும்!”

இருவரும் சிரித்தோம். அப்புறம் நீ, “நம்ம லயத்துக்கு மேல இருக்கிற சரிவ நெனச்சாத்தான் எனக்குப் பயம்” என்றாய். உன் துண்டு அங்கேதான் இருந்தது. நான் திரும்பிப் போன பிறகு, அந்தச் சரிவில் குறுக்கே குறுக்கே பட்டை பட்டையாகப் புல்லை விட்டுவைத்தாயாம். யாரையும் கேட்கவில்லை. மகன் சொன்னான், செய்தாய்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து பார்த்ததையும் பேசியதையும் பெண்கள் எனக்கு அப்படியே சொன்னார்கள்.

“என்னா ராக்காயி, மாடு வளக்கப் போறியா?”

“இல்லீங்க ஐயா. புல்லு மண்ணப் புடிச்சுக்கிருமாங்க. எம் மகன் சொன்னுச்சுங்க. பெரிய படிப்புப் படிக்குதுங்க.”

“ஓம் மகன் தொரையா வரட்டும், அன்னிக்கு விடு புல்லு. இப்ப சொரண்டிய எடு.”

அன்றைக்கு உனக்கு அரைப்பேர்; பாதி நாள் உழைப்பு இல்லையென்று ஆகிவிட்டது. அது போதாது என்று மறுநாள் காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோரையும் வேறு மலைக்கு அனுப்பிவிட்டு உன்னை மட்டும் அந்தச் சரிவுக்கு அனுப்பினார்கள். விட்ட புல்லை நீயே தனியாகச் சுரண்ட வேண்டும் என்று. மழை பிடித்தது. மற்றவர்களைத் திரும்பி வரச் சொன்னார்கள். உன்னிடம் வந்து சொல்ல யாரும் இல்லை. மேலே கான் மண் அடைத்துக் கிடந்தது. சரிவு வந்துவிட்டது; லயத்தை எட்டவில்லை, உன்னை எட்டிவிட்டது.

ஒரு நாள் சுரண்டியதால் சரிவு வராது, அம்மா. நான் படித்ததை வைத்துச் சொல்கிறேன். எத்தனையோ வருஷங்களாக எல்லாக் கைகளையும் வைத்துச் சுரண்ட வைத்த சுரண்டல் அது. ஆனால் அன்றைக்கு நீ அதன் கீழே நின்றது, என் சொல்லைக் கேட்டதால். நான் சொன்னது சரி. இன்றைக்கும் அது சரிதான். சரியானதைச் சொன்னவன் பாடப் புத்தகத்தோடு பத்திரமாக இருந்தேன், செய்தவள் செத்துப்போனாள். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உன்னைப் புதைத்த அன்றைக்கு எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். என் பிடியை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். மஞ்சளாக, களியாக, ஒரு வேர் கூட இல்லாத அடிமண். நம் மலையில் மேல்மண் என்று ஒன்று மிச்சமில்லை. உன்மேல் போடக்கூட நல்ல மண் இல்லையே என்று அழுதேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அழுதது அதற்குத்தான்.

பட்டம் கிடைத்துவிட்டது. மலைச் சரிவில் மண் அரிப்பைத் தடுப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்யப் பட்டதாரி ஒருவர் வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் அறிவித்திருந்தது. நான் போனேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நம் மலையைத்தான் சொன்னேன், பெயர் சொல்லாமல். அவர்களுக்குப் பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் ஒருவர் கேட்டார்: “நீங்கள் இந்த நாட்டுப் பிரஜையா?”

“இங்கேதான் பிறந்தேன். என் அம்மாவும் இங்கேதான் பிறந்தார்.”

“அதைக் கேட்கவில்லை.”

அப்பா தன் தாயின் சாவுக்குத் திருச்சிப் பக்கம் ஒருமுறை போய்வந்ததைக் காட்டி நம் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளியது உனக்குத் தெரியும். தாய்க்குக் கொள்ளி வைக்கப் போனவன் இந்த நாட்டில் நிலையாக இருக்கவில்லையாம். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது என்று கேள்வி.

என் பேராசிரியர் நல்ல மனிதர். இந்தியாவில் ஒரு வேளாண்மைக் கல்லூரியில் எனக்கு மேற்படிப்புக்கு இடம் வாங்கிவிட்டார். மண் ஆராய்ச்சிதான். ஆனால் இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் தோட்டத்து ஆட்களான நம்மைப் பங்கு போட்டு ஒப்பந்தம் செய்த பிறகு, இந்தியப் பிரஜையாகக் கையெழுத்துப் போட்டுத்தான் போக வேண்டும். போனால் திரும்பி வந்து இங்கே வேலை செய்ய முடியாது.

அப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். “போயிரு தம்பி. ஒங்க அம்மா போன மண்ணுல நீ என்னத்தக் கிழிக்கப்போற? ஒருத்தராவது மேல வாங்கடா.”

நான் போவதாகத்தான் இருந்தேன். பெட்டி கூட வாங்கினேன்.

அந்த வாரம்தான் பெரட்டில் அது நடந்தது. சரிந்த இடத்துக்குப் பக்கத்துச் சரிவை, அதுவும் லயத்துக்கு நேர் மேலேதான், சுரண்டச் சொல்லி உன் கூட்டத்துப் பெண்களை அனுப்பினார் கண்டாக்கு. உன்னோடு எப்போதும் முறைத்துக்கொண்டு திரிவாளே மாரியம்மா, அவள்தான் சுரண்டியை முதலில் கீழே போட்டாளாம்.

“மத்த மலை எல்லாம் வெட்டுறோங்க. இத வெட்ட மாட்டோம்.”

“அரைப்பேர் போடுவேன்.”

“போடுங்க. எல்லாத்துக்கும் போடுங்க.”

எல்லோருக்கும் அரைப்பேர் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. மூன்றாம் நாள் கண்டாக்கு அவர்களை வேறு மலைக்கு அனுப்பினார். இப்போது அங்கே புல் கணுக்கால் உயரத்துக்கு நிற்கிறது. “ராக்காயி பெத்த புள்ள சொன்னது நெசமான்னு பாக்கத்தான் விட்டோம்” என்று மாரியம்மா என்னிடமே சொன்னாள். நக்கல்தான். ஆனால் கண் கலங்கியிருந்தது.

நீ ஒருத்தியாக விட்டாய், உன்னைத் தனியாக அனுப்பினார்கள். இவர்கள் சேர்ந்து விட்டார்கள், யாரை அனுப்புவது? இதை எனக்கு எந்தப் பாடமும் சொல்லித்தரவில்லை. நானும் உனக்குச் சொல்லித்தரவில்லை.

அம்மா, எனக்கு அந்தக் கல்லூரி இடம் வேண்டும். தியாகி மாதிரி நடிக்க எனக்கு வராது. ஆய்வுக்கூடம் வேண்டும், நல்ல தராசு வேண்டும், என் பெயருக்குப் பின்னால் இன்னொரு பட்டம் வேண்டும். அதை வேண்டாம் என்று பேராசிரியருக்குச் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு வட்டவளை ஸ்டேஷனில் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். ரயில் கிளம்பும்போதுதான் குதித்தேன். அப்பா என்னோடு பேசுவதில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் புல் நிற்கும் சரிவுக்குக் கீழே ஒரு குழியும், சுரண்டிய சரிவுக்குக் கீழே ஒரு குழியும் வெட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இரண்டிலும் இறங்கிக் கிடக்கும் மண்ணை அள்ளிக் காயவைத்து நிறுக்கிறேன். தராசு, மம்மது நானாவின் கடையில் வெங்காயம் நிறுக்கும் தராசு. கண்டாக்கு ஒரு குழியை மூடினார். மறுபடி வெட்டினேன்.

நாளைக்கே என்னைப் பிடித்துக் கப்பலில் ஏற்றலாம். அது அவர்கள் கையில். நானாகக் கையெழுத்துப் போட்டுப் போக மாட்டேன். எந்தக் குழியில் எவ்வளவு மண் விழுந்தது என்பதை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் லயத்து வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொல்வேன். நம் பேச்சில், இங்கிலீஷ் இல்லாமல். ஒருத்தர் காதில் மட்டும் இனி ஒருபோதும் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எந்த நாட்டுக்காரன் என்று தெரியாவிட்டாலும்,
உன் மகன்
முத்துவேல்