போகிப் புகையும் எதிர் வீட்டு சரோஜாவும்

போகி, ராத்திரி.

விடிகாலையில் வாசலில் பழைய பாயைக் கொளுத்தினேன். ஆவடி முழுக்கப் புகை. எதிர் வீடுகூடத் தெரியவில்லை.

அந்த வீட்டு சரோஜாவோடு எனக்குப் பேச்சில்லை. என் பேத்தி கல்யாணத்தில் பாயசம் தண்ணியாக இருக்கிறது என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னவள். நான் மறக்கவில்லை. அவள் மகன் விமானம் ஓட்டினவன். போன மாசம் பனிமூட்டத்தில் மலை தெரியாமல் மோதி, போய்விட்டான். துக்கத்துக்குப் போனபோதும் வாய் திறக்காமல்தான் வந்தேன்.

இன்று புகைக்குள் அவளே வந்து நின்றாள்.

"இப்டித்தான் இருந்திருக்குமா அக்கா? எதிர்ல இன்னா கீதுன்னே தெரிலயே."

வாசல் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே நெருப்பில் கொட்டினேன். பக்கத்து வீடுகளையும் அதட்டி அணைக்க வைத்தேன். புகை கலைகிறவரை என் கையை அவள் விடவில்லை.

"போகிக்கு நெருப்ப அணைச்ச மொத ஆளு நீதான்க்கா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இந்த வருசம் அவள் வீட்டில் பொங்கல் கிடையாது. நாளைக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும். நெய் நிறைய விட்டுக் கெட்டியாகக் கிளறணும். தண்ணியாக இருக்கிறது என்று அவள் வாயால் இன்னொரு தரம் கேட்கமாட்டேன்.